எழுத நேரம் சிக்காத பெற்றோருக்கு: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கதையோ கட்டுரையோ எழுத முயல்பவர்களுக்காக, அதிலும் வீட்டின் அன்றாட ஒழுங்கு தங்கள் கையில் இல்லாதவர்களுக்காக, இந்த வழிமுறையை எழுதுகிறேன். நான் சிறுகதை எழுதுபவள். சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீடு. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகன், பாலர் பள்ளிக்குப் போகும் மகள், சுழல்முறையில் வேலை பார்க்கும் கணவர், எனக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் அலுவலக வேலை. கணவரின் வேலைநேரம் பகலிலிருந்து இரவுக்கு மாறும்போதெல்லாம் வீட்டில் யார் சமைப்பது, யார் மகளை அழைத்து வருவது, எந்த அறையில் எப்போது விளக்கை அணைப்பது என்பது வரை எல்லாம் மாறும். இந்த நிலையில் எனக்குப் பலித்தவற்றையும் பலிக்காமல் போனவற்றையும் அறிகுறிவாரியாகப் பிரித்துத் தந்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேரே போய்விடலாம். முதற்சோதனையை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

முதற்சோதனை

ஒரு வாரத்துக்கு எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல், எழுத நினைத்த நேரம் எது, உண்மையில் எழுதியது எவ்வளவு, இடையில் என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் குறித்து வாருங்கள். இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய ஒரு தாள் போதும். வார இறுதியில் அந்தத் தாளைப் பார்த்தால் உங்கள் பிழை எந்த வகை என்பது தெரிந்துவிடும்: நேரமே கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் தொடங்க முடியவில்லை, அல்லது தொடங்கியதைத் தொடர முடியவில்லை.

‘நேரமே இல்லை’ என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, நான் குறித்த முதல் வாரத்தில் ஐந்து இடங்களில் கால் மணி நேரத்துக்கும் அதிகமாகக் கிடைத்திருந்தது. அந்த ஐந்திலும் சேர்த்து நான் எழுதியது ஒன்பது வரி. அந்தத் தாளைப் பார்க்கச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் பிழை இரண்டாம் வகை என்பதை அதுதான் காட்டியது. வகை தெரியாமல் பரிகாரம் தேடுபவர்கள் எல்லாரும் முதலில் தூக்கத்தில்தான் கைவைக்கிறார்கள், நானும் வைத்தேன்.

அறிகுறி: காலையில் ஒதுக்கிய நேரம் வாரத்தில் இரண்டு மூன்று முறை பறிபோகிறது

எழுதுபவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் முதன்மையானது, விடியற்காலையில் எழுந்து எழுது என்பது. பள்ளிப் பேருந்து ஆறேகால் மணிக்கே புளோக்கின் கீழே வந்து நிற்கும் ஊரில் விடியற்காலை என்பது நான்கரை மணியைக் குறிக்கும். அதையும் செய்து பார்த்தேன். நான் எழுந்து விளக்கைப் போட்ட ஓசையில் மகள் எழுந்துவிட்டாள்; மூன்றாம் நாள் முதல் நான்கரைக்கு எழுபவர்கள் இருவர் ஆனோம்.

காரணம், எழுத்தைக் கடிகாரத்தில் கட்டி வைத்ததுதான். ஒழுங்கு அடிக்கடி குலையும் வீட்டில் ‘ஐந்து மணி’ என்பது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொருள் தரும். கணவர் இரவு வேலை முடித்து வரும் நாளில் அது ஒன்று, அவர் வீட்டில் உறங்கும் நாளில் அது வேறொன்று. ஆனால் எந்த ஒழுங்கு குலைந்தாலும் நடந்தே தீரும் நிகழ்வுகள் சில ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. மகன் பேருந்தில் ஏறுவான். நான் ரயிலில் ஏறுவேன். மகள் நீச்சல் வகுப்புக்குள் நுழைந்தால் முக்கால் மணி நேரம் கழித்தே வெளியே வருவாள். எழுத்தை அத்தகைய நிகழ்வு ஒன்றன் பின்னால் கட்டிவிட வேண்டும். நிகழ்வு அரை மணி நேரம் தள்ளிப்போனால் எழுத்தும் கூடவே தள்ளிப்போகும், அவ்வளவுதான், பறிபோகாது.

என் வீட்டில் அந்த நிகழ்வு ரயில் பயணம். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போக ஏறத்தாழ 40 நிமிடம் ஆகிறது. உட்கார இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எதையும் திட்டமிடக் கூடாது. கதவோரக் கண்ணாடித் தடுப்பில் சாய்ந்துகொண்டு ஒற்றைக் கையால் கைபேசியில் எழுதுவதையே கணக்கில் கொள்ள வேண்டும். ஈசூனிலிருந்து பீஷான் வரை ரயில் வெளிச்சத்தில் ஓடுகிறது; பீஷானைத் தாண்டியதும் பிரேடலுக்காக நிலத்தடிக்குள் இறங்குகிறது. ஜன்னல் வெளிச்சமாக இருக்கும்வரை எழுதுவது, இருண்டபின் எழுதியதைப் படித்துத் திருத்துவது என்று வைத்துக்கொண்டேன். எச்சரிக்கை மணி எதையும் வைக்கத் தேவையில்லை; ஜன்னலே சொல்லிவிடுகிறது. தமிழில் தட்டச்சு செய்வது இடைஞ்சல் என்பதை இனியும் காரணமாகச் சொல்ல முடியாது. 2005ஆம் ஆண்டு பொங்கலன்றே ஒலி 96.8 வானொலியின் துணையோடு செல்லினம் என்ற கைபேசித் தமிழ்த் தட்டச்சுச் செயலி இங்கே அறிமுகமாகிவிட்டது. 2017 முதல் கூகுளின் குரல் தட்டச்சும் தமிழைப் புரிந்துகொள்கிறது. ரயிலில் குரலைப் பயன்படுத்தக் கூச்சமாக இருந்தால் சந்தையிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் பயன்படுத்தலாம். நாம் யாருடனோ தொலைபேசியில் பேசுகிறோம் என்றுதான் எதிரில் வருபவர்கள் நினைப்பார்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க: வீட்டின் ஒழுங்கு மாறிய ஒரு வாரத்திலும், மாறாத ஒரு வாரத்திலும் எழுதிய நாள்களை எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் அருகருகே வந்தால் நீங்கள் பிடித்த நிகழ்வு சரியானது.

அறிகுறி: நேரம் கிடைத்தும் முதல் இருபது நிமிடம் ‘எங்கே விட்டேன்’ என்று தேடுவதில் போகிறது

பெரும்பாலான பெற்றோரின் பிழை இதுவே என்பது என் கருத்து. கிடைக்கும் நேரம் அரை மணி. அதில் இருபது நிமிடம் பழைய பக்கங்களைப் படித்து, பாத்திரங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நினைவுகூர்ந்து, ஒரு வரியை எழுதி அழித்து, மீண்டும் எழுதுவதற்குள் அறைக்கு வெளியே “அம்மா, என் தண்ணீர்ப் போத்தலைக் காணோம்” என்ற குரல் கேட்டுவிடும். இங்கே குறைபாடு நேரத்தின் அளவில் இல்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைவதற்கு ஆகும் செலவில் இருக்கிறது.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்த வேலைக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். அதைக் கவன எச்சம் என்று சொல்லலாம். பின்னர் 2018இல் அவரும் தெரேசா குளோம் என்பவரும் இடையூறுகளை ஆராய்ந்தபோது, ஒரு வேலையை விட்டு எழுமுன் எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாகக் குறித்துவிட்டுப் போனவர்களுக்கு இடையில் வந்த வேலையில் கவனம் நன்றாக நின்றது என்று கண்டார்கள். அந்த ஆய்வு அலுவலக வேலையைப் பற்றியது. பிள்ளைகள் அதில் வரவில்லை. ஆனாலும் என் அடுக்களையில் அது அப்படியே பொருந்தியது.

செய்ய வேண்டியது இதுதான். எழுதி முடித்தபின் குறிப்பு எழுதுவோம் என்று இருக்கக் கூடாது; முடிக்கும் தருணம் நம் கையில் இல்லை. உட்கார்ந்ததும் முதல் வேலையாக, பக்கத்தின் அடியில் ‘திரும்பி வந்தால்’ என்று ஒரு தலைப்பை இட்டுவிட்டு, எழுத எழுத அதன் கீழே ஒரு சொல்லோ இரு சொல்லோ சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அழைப்பு வந்தால் எழுந்துவிடலாம். குறிப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. என் கதையொன்றின் பக்கத்தடியில் இருந்த குறிப்பை அப்படியே தருகிறேன்:

‘கமலம் பேருந்து நிறுத்தத்தில். மழை விட்டுவிட்டது. 812 வருகிறது, அவள் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று இப்போது சொல்லாதே. குடையை மடக்குவதில் தொடங்கு.’

இந்தக் குறிப்பை எழுதிய மறுநாள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது, அடுத்து மகனுக்கு, அதற்கடுத்து கணவரின் வேலைநேரம் மாறியது. கமலம் மூன்று வாரம் அந்த நிறுத்தத்திலேயே நின்றாள். திரும்பி வந்தபோது நான் முந்தைய பக்கங்களைத் திறக்கவே இல்லை. ‘குடையை மடக்கியபோது கம்பி ஒன்று விரலைக் கிழித்தது’ என்ற வரியை எழுதினேன். கதை தானாக நகர்ந்தது. குறிப்பின் கடைசி வரிதான் முக்கியமானது. அதில் கருத்து இருக்கக் கூடாது. கையால் செய்யக்கூடிய ஒரு செயல் இருக்க வேண்டும். ‘தாய்மையின் தனிமையை ஆழப்படுத்து’ என்று எழுதி வைத்திருந்தால் மூன்று வாரம் கழித்து அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது என்பதை, அப்படியும் எழுதி வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இதோடு சேர்த்து ஒன்று: எழுதும் இடம் ஒன்றாக இருக்கட்டும். கைபேசியில் ஒரு பாதி, மடிக்கணினியில் மறு பாதி, கடைச்சீட்டின் பின்புறத்தில் நாலு வரி என்று சிதறினால் நுழைவுச் செலவு மும்மடங்காகும். எனக்கு ரப்பர் வளையம் போட்ட குறிப்பேடு ஒன்றும் கைபேசிக் கோப்பு ஒன்றும் உண்டு. குறிப்பேட்டில் எழுதியதை அன்றிரவே படம் பிடித்துக் கோப்பில் சேர்த்துவிடுவேன்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க: உட்கார்ந்ததற்கும் முதல் புதிய வரிக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். ஐந்துக்குள் வந்துவிட்டால் பத்து நிமிட இடைவெளிகூட உங்களுக்குப் பயன்படும்.

அறிகுறி: பள்ளி விடுமுறை வந்தால் எழுத்து முற்றாக நின்றுவிடுகிறது

இது எதிர்பாராமல் வரும் தடை அன்று. நம் பள்ளி நாள்காட்டியில் மார்ச்சில் 1 வாரம், ஜூனில் 4 வாரம், செப்டம்பரில் 1 வாரம், ஆண்டிறுதியில் 6 வாரம் என மொத்தம் 12 வாரம் விடுமுறை. அக்டோபரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுத் தாள்களை ஆசிரியர்கள் திருத்தும் நாள்களில் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வீட்டில்தான் இருப்பார்கள். புதிதாகப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் பலர் அந்த நாள்களை மறந்துவிடுகிறார்கள். கல்வி அமைச்சு இவற்றையெல்லாம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. இருந்தும் ஒவ்வொரு ஜூனிலும் எழுத்து நின்றதற்காக நான் வருந்தியதற்குக் காரணம், ஆண்டுக்கு 52 வாரம் எழுதப்போவதாகக் கணக்குப் போட்டு வைத்திருந்ததுதான்.

கணக்கை 40 வாரமாகத் திருத்துங்கள். புதிய கதையை விடுமுறை தொடங்கும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். விடுமுறைக்கு முன் ஒரு வரைவை முடித்து, மூடி வைத்துவிடுங்கள். நான்கு வாரம் கண்ணில் படாமல் இருந்த வரைவைத் திருத்துவது எளிது. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் தங்க முனை விருது போன்ற போட்டிகளுக்கு எழுதுபவர்கள் அவற்றின் இறுதி நாளை இந்த 40 வாரக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நாள்காட்டியில் மூன்று மாதம் இருப்பதுபோல் தோன்றும், ஜூனைக் கழித்துப் பார்த்தால் இரண்டுதான் மிஞ்சும். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் கதைக்களம் என்ற சிறுகதை நிகழ்ச்சி மாதந்தோறும் வருவதால், இந்த மாதம் தவறினாலும் அடுத்த மாதம் இருக்கிறது. ஒழுங்கு குலைந்த வீட்டுக்காரர்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய கெடுவைவிட இத்தகைய சிறிய கெடு ஏற்றது.

விடுமுறையில் பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துப்போய் அவர்கள் படிக்கும்போது நாமும் எழுதலாம் என்று சொல்வார்கள். மகனுக்குப் பலிக்கிறது. மகளை அழைத்துப்போனால் நான் கழிவறை வாசலில்தான் நிற்கிறேன்.

அறிகுறி: பிள்ளைக்கு உடல்நலமில்லாத வாரத்தில் எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை

கை, கால், வாய்ப்புண் நோய் பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளின் வீட்டிலும் அந்த வாரத் திட்டத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்வது நல்லது. இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. எழுத்தை நிறுத்துங்கள், ‘திரும்பி வந்தால்’ குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விடுப்பைப் பொறுத்தவரை, 7 வயதுக்கு உட்பட்ட குடியுரிமை பெற்ற பிள்ளை இருந்தால், தகுதிபெறும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. இளைய பிள்ளை 7 முதல் 12 வயதுக்குள் இருந்தால் 2 நாள். அம்மாவின் 6 நாளும் ஏப்ரலுக்குள் தீர்ந்து அப்பாவின் 6 நாளும் டிசம்பர் வரை தொடப்படாமல் கிடக்கும் வீடுகளை நான் அறிவேன். எழுதும் அம்மாக்களின் பிழையை ஆராய்ந்தால் சில நேரம் அது அங்கேதான் போய் நிற்கும்.

அறிகுறி: எல்லாரும் உறங்கியபின் உட்கார்ந்தால் கைபேசி பார்ப்பதில் முடிகிறது

இதை மன உறுதிக் குறைவு என்று எண்ணிப் பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். இரவு பத்தரைக்கு உடம்பு கேட்பது ஓய்வு. அதை மறுத்துவிட்டு மேசையில் உட்கார்த்தினால் அது கைபேசியில் ஓய்வைத் தேடிக்கொள்கிறது. இரவில் புதிதாக எழுதுவதை விட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்கு எளிய வேலைகள் போதும்: படம் பிடித்த பக்கத்தைக் கோப்பில் சேர்ப்பது, சந்திப்பிழை பார்ப்பது, நாளைய முதல் வரியைக் குறித்து வைப்பது. பத்து நிமிடம் ஆனதும் படுத்துவிட வேண்டும்.

அறிகுறி: எழுத உட்கார்ந்தால் வீட்டிலுள்ளவர்கள் வேலை சொல்கிறார்கள்

என் மாமியார் தஞ்சாவூரிலிருந்து வந்து சில மாதம் எங்களோடு இருந்தபோது இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போனது. நான் கைபேசியோடு உட்காரும்போதெல்லாம் அவர் கீரையைக் கொண்டுவந்து அருகில் வைத்தார். மனத்துக்குள் இரண்டு வாரம் புழுங்கிவிட்டு, ஒருநாள் “அத்தை, நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு அரை மணி நேரம்” என்றேன். அவர், “ஏம்மா, அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? நீ சும்மா போனைத்தான் பார்க்கிறாய் என்று நினைத்தேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கைபேசியில் எழுதுபவரைப் பார்த்தால் எழுதுபவர்போல் தெரியாது என்பதுதான் இதன் காரணம். வீட்டில் எழுதும்போது மட்டுமாவது குறிப்பேட்டையும் பேனாவையும் எடுங்கள். எவ்வளவு நேரம் என்பதை எண்ணாகச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் எழுந்துவிடுங்கள். மூன்று முறை சொன்ன நேரத்தில் எழுந்தால் நான்காவது முறை யாரும் கதவைத் தட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு அரை மணி என்றால் புரியாது. மகளுக்கு நான் மணல்கடிகாரம் ஒன்றை வாங்கி வைத்தேன். அவள் அதை இருமுறை கவிழ்த்து எனக்குக் கூடுதல் நேரம் தந்த நாளும் உண்டு, சாய்த்துப் படுக்க வைத்து மணலையே நிறுத்திய நாளும் உண்டு.

கணவன் மனைவிக்குள் இதைப் பேசும்போது ‘எனக்கு எழுத நேரம் வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்வதால் பயன் குறைவு. ‘உங்கள் இரவு வேலை வாரத்தில் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை நான் கீழே காப்பிக்கடையில் இருப்பேன், அதற்குப் பதில் ஞாயிறு பிற்பகல் நீங்கள் உறங்குங்கள்’ என்று சொன்னால் பேரம் படிகிறது. வேலையிடத்திலும் இப்போது வழி இருக்கிறது: 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறையாக எழுத்துவழி விண்ணப்பித்தால் நிறுவனம் 2 மாதத்துக்குள் எழுத்துவழி முடிவைத் தெரிவிக்க வேண்டும். கோரிக்கையை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. காரணமாகக் கதை எழுதுவதைக் காட்டுவது உசிதமும் அன்று. பிள்ளையை அழைத்து வரும் நேரத்துக்காக வாங்கும் தளர்வில் கால் மணி நேரம் மிஞ்சினால் அது உங்களுடையது.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் இல்லை, நேரமும் இருக்கிறது, எழுத்து மட்டும் வரவில்லை

இது வேறு பிழை. கால அட்டவணையில் எதைத் திருத்தினாலும் நீங்காது. கதையில் எங்கோ நீங்களே நம்பாத ஓரிடம் இருக்கக்கூடும். ஒரே ஒரு சோதனை சொல்கிறேன்: ‘திரும்பி வந்தால்’ குறிப்பின் கடைசி வரியைப் பாருங்கள். மூன்று முறை உட்கார்ந்தும் அதே வரி மாறாமல் அங்கேயே இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு, அதற்கு முந்தைய காட்சியில் பாத்திரம் வேறு என்ன செய்திருக்கலாம் என்று இரண்டு வழிகளை எழுதுங்கள். கமலம் கடைசியில் 812இல் ஏறவே இல்லை; இரண்டு நிறுத்தம் நடந்துபோனாள். அந்த வழி, மகளின் நீச்சல் குள ஓரத்தில், மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தபோது கிடைத்தது.